மனப்பாட வசனமா, யோசேப்பின் கதையா?

வாலிபப் பிள்ளைகளுக்குச் சோதனையை, அதாவது பாவம் செய்யத் தூண்டும் ஆசையை, எதிர்க்கக் கற்றுத்தர நம் சபைகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மனப்பாட வசனம், இன்னொன்று ஒரு வேதப் பகுதியை உட்கார்ந்து அலசுவது.

மனப்பாடத்தின் பலம் வேகம். ராத்திரி பதினோரு மணிக்குப் போனும் கையுமாக இருக்கும் பையனுக்கு வேதாகமத்தைத் திறக்கத் தோன்றாது. 'தேவன் உண்மையுள்ளவராயிருக்கிறார்' என்ற 1 கொரிந்தியர் 10:13 மனதில் பதிந்திருந்தால் தானாக வரும். இயேசுவும் வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது மூன்று முறையும் உபாகம வசனங்களால்தான் பதில் சொன்னார். ஆனால் அதே மத்தேயு 4-இல் பிசாசும் சங்கீதம் 91-ஐச் சொல்கிறான், 'உன் வழிகளிலெல்லாம்' என்ற பகுதியை நைசாக விட்டுவிட்டு. பரிசுக்காக ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் இதையும் சொல்ல வேண்டாமா?

யோசேப்பின் சோதனையைச் சொல்லும் ஆதியாகமம் 39-ஐ அலசுவது மெதுவான வேலை. நடத்துபவரும் தயாராக வர வேண்டும். ஆனால் சரக்கு அதிகம். யோசேப்பின் கதை தொடங்கும்போது அவனுக்கு வயது 17. எகிப்தில் அவன் அடிமையாக வேலை செய்யும் வீட்டு எஜமான் போத்திபாரின் மனைவி, தன்னோடு பாவம் செய்ய வரும்படி ஒருநாள் அல்ல, நித்தம் நித்தம் பேசுகிறாள். கடைசியில் அவன் வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடுகிறான். அப்புறம்? சிறை. 'நல்லது செய்தும் ஜெயிலா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே வகுப்பு முடிந்தாலும் சரி.

சின்ன வகுப்புக்கு வசனம் போதும். பத்தாவது தாண்டியவர்களுக்கு என் ஓட்டு அலசலுக்குத்தான். முடித்தபின், தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்று யோசேப்பு கேட்கும் 39:9-ஐ மனப்பாடமாகக் கொடுக்கலாம்.