சாங்கி விமான நிலையம்: அருவி அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போகிறவர்கள் டிக்கெட் போட்ட அன்றே ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள்: நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது, கண்ணாடிக் கூரையிலிருந்து கொட்டும் அந்த அருவியைப் பார்த்துவிடலாம். சாங்கியில் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரியவரும். அருவி இருக்கும் ஜூவல் கட்டடம் இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது. சிங்கப்பூர் விசா இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது.

விமான நிலையங்களை மதிப்பிடும் ஸ்கைட்ராக்ஸ் நிறுவனம் தரும் 'உலகின் சிறந்த விமான நிலையம்' பட்டத்தை 2025-ல் பதின்மூன்றாவது முறையாக வாங்கிய இடம் இது. வாங்கியதில் தப்பில்லை. ஆனால் சாங்கி என்று ஒரே பெயரில் உண்மையில் இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. இமிக்ரேஷனுக்கு உள்ளே, விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் டிரான்சிட் பகுதி ஒன்று, வெளியே ஊர்க்காரர்களும் வந்து போகும் பொதுப்பகுதி இன்னொன்று. படங்களில் பார்க்கும் அழகில் பாதி வெளியே இருக்கிறது. எந்தப் பாதி உங்களுக்குக் கிடைக்கும் என்பதைப் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும்தான் முடிவு செய்கின்றன.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை, குறுகிய காலப் பயணத்துக்கு விசா கேட்கமாட்டார்கள். வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பினால் போதும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. இந்தியர்கள் ஒன்று முன்கூட்டியே ஏஜென்ட் மூலம் விசா எடுத்துவிட வேண்டும், அல்லது 96 மணி நேர விசா இல்லா டிரான்சிட் வசதியை நம்ப வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், அடுத்த ஊருக்கு உறுதியான டிக்கெட்டும் கையில் இருப்பவர்களுக்கானது அது. ஆகவே ஆஸ்திரேலியா போகிறவருக்கு அருவியைப் பார்க்க வாய்ப்பு உண்டு. பாலிக்கோ பாங்காக்குக்கோ போகிறவருக்கு இந்த வழி பொதுவாக உதவாது. உள்ளே விடுவதா வேண்டாமா என்ற கடைசி முடிவு கவுண்டரில் இருக்கும் அதிகாரியுடையது என்பதையும் மறக்க வேண்டாம்.

விசா இல்லாதவர்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு உண்டு. டெர்மினல் 2-க்கும் 3-க்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜூவலின் வயிற்றுக்குள் புகுந்துதான் போகிறது. சில விநாடிகள்தான், ஆனால் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரை நன்றாகவே பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: முற்பகல் பத்து, பதினொரு மணிக்குத்தான் அருவியைத் திறப்பார்கள், இரவு பத்து வாக்கில் நிறுத்திவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து இரவு கிளம்பும் விமானங்கள் விடியற்காலையில் அங்கே இறங்கும். அந்த நேரத்தில் ரயிலில் எத்தனை முறை போய்வந்தாலும் செடிகொடிகள் மட்டும்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய தலைவலி தனித்தனி டிக்கெட். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து வேறொரு நிறுவனம் என்று மலிவு விலைக்குத் தனித்தனியாக வாங்கினால், பெட்டி பொதுவாக சிங்கப்பூர் பெல்ட்டில் வந்து விழும். அதை எடுக்க இமிக்ரேஷனைக் கடக்க வேண்டும், கடக்க விசா வேண்டும். இந்த நிலையில் ஊரிலேயே செக்-இன் கவுண்டரில் ஏற்ற மறுக்கவும் கூடும். இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கிறதா, பெட்டியில் ஒட்டும் டேக்கில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேக்கில் சிங்கப்பூரின் குறியீடான எஸ்ஐஎன் மட்டும் இருந்தால் பெட்டி சாங்கியோடு நின்றுவிடும்.

உள்ளே வழி கண்டுபிடிப்பது சுலபம், சூத்திரம் தெரிந்தால். போர்டிங் பாஸில் கேட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துதான் டெர்மினல். ஏ, பி என்றால் டெர்மினல் 3. சி, டி என்றால் 1. இ, எஃப் என்றால் 2. ஜி என்றால் 4. செக்-இன் செய்த டெர்மினலிலேயே கேட் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1, 2, 3 மூன்றும் உள்பக்கமாகவே இணைந்திருப்பதால், ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் விமானம் ஏறுவது அங்கே சாதாரணம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடையும் ரயிலுமாக இருபது நிமிடம் ஒதுக்குங்கள். டெர்மினல் 4 மட்டும் ஒதுங்கி நிற்கிறது, ஸ்கைட்ரெயின் அங்கே போகாது, இலவசப் பேருந்துதான். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தண்ணீர் பாட்டில் பிரச்சினை. நம் ஊரில் பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகுதான் கடைகள். சாங்கியின் 1, 2, 3 டெர்மினல்களில் வரிசை வேறு: இமிக்ரேஷன், பிறகு கடைகள், பிறகு கேட் வாசலில் சோதனை. எனவே டிரான்சிட் பகுதியில் வாங்கிய தண்ணீர், ஜூஸ் எல்லாம் கேட்டில் குப்பைக்குப் போகும். காலி பாட்டிலாக எடுத்துப்போங்கள். டியூட்டி ஃப்ரீ மது, வாசனைத் திரவியம் வாங்கினால் முத்திரையிட்ட பையைச் சேரும் ஊர் வரை பிரிக்கக் கூடாது. சோதனை தாண்டிய காத்திருப்பு அறைகள் எல்லாவற்றிலும் கழிவறை இருக்காது. குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப்போகிறவர்கள் அந்த வேலையை முடித்துக்கொண்டு உள்ளே போவது உத்தமம். மலிவுச் செலவில் கட்டிய இடம் என்றால் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை செலவழித்துக் கட்டிய இடத்தில் இந்த ஒன்றை மன்னிக்க முடியவில்லை. டெர்மினல் 4-ல் மட்டும் சோதனை ஒரே இடத்தில், முதலிலேயே முடிந்துவிடுகிறது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் ஒரு டெர்மினலுக்கு அண்ணா, ஒன்றுக்குக் காமராஜர் என்று பழகிய நமக்கு, சிங்கப்பூர் தன் முதல் பிரதமர் பெயரைக்கூட விமான நிலையத்துக்கு வைக்கவில்லை என்பது விநோதமாகத்தான் தோன்றும். 2015-ல் லீ குவான் யூ மறைந்தபோது அவர் பெயரைச் சூட்டச் சொல்லி இணையத்தில் கையெழுத்து சேர்த்தார்கள். பெயர் மாறவில்லை. சாங்கி என்பது தீவின் கிழக்கு முனைக்கு உள்ள பழைய பெயர். அந்தப் பக்கம் வளர்ந்த செங்கால் என்ற காட்டு மரத்திலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. வேறு விளக்கங்களும் உண்டு.

அந்த மண்ணுக்கு இருண்ட வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர்கள், 1943-44-ல் போர்க் கைதிகளை வேலை வாங்கி அங்கே ஓடுதளம் அமைத்தார்கள். போருக்குப் பிறகு அது பிரிட்டிஷ் விமானப்படைத் தளமானது. 1971-ல் பிரிட்டிஷார் வெளியேறினார்கள். ஊரின் பயணிகள் விமானங்கள் முதலில் காலாங்கிலும், 1955 முதல் பாய லேபாரிலும் இறங்கின. 1970-களில் பாய லேபார் திணற ஆரம்பித்தது. இருந்த ஓடுதளம் ஒன்றே ஒன்று, சுற்றிலும் குடியிருப்புகள். அங்கேயே இன்னொரு ஓடுதளம் போட்டால் விமானங்கள் காலாகாலத்துக்கும் ஊரின் தலைமேல்தான் பறக்க வேண்டும். சாங்கி என்றால் கடலின் மேல் ஏறி இறங்கலாம், கடலைத் தூர்த்து நிலத்தையும் பெருக்கலாம். 1975-ல் முடிவெடுத்தார்கள். 1981 ஜூலை 1 காலை 7.10-க்கு கோலாலம்பூரிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் முதலில் தரை தொட்டது. டெர்மினல் 2 1990-ல், 3 2008-ல், ஜூவல் 2019-ல். டெர்மினல் 4 2017-ல், இடிக்கப்பட்ட பட்ஜெட் டெர்மினல் இருந்த இடத்தில் எழுந்தது. 5-க்கு 2025 மே மாதம் பூமி பூஜை போட்டாயிற்று, 2030-களின் நடுவில் வரும் என்கிறார்கள்.

டிரான்சிட் பகுதிக்குள் காசில்லாமல் கிடைப்பவை: வைஃபை, கால் நீட்டிப் படுக்கும் ஓய்விடங்கள், டெர்மினல் 3-ல் திரையரங்கு, அதே இடத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம். பட்டாம்பூச்சிகளைப் பகலில் பாருங்கள், இருட்டியதும் அவை இலைக்கடியில் ஒடுங்கிவிடும். ஓய்விடங்கள் நள்ளிரவுக்குள் நிரம்பிவிடும். ஏசிக் குளிர் எலும்பு வரை இறங்கும் என்பதால் ஒரு சால்வை கட்டாயம். குளியலுக்குக் கட்டணம் உண்டு. உள்ளேயே இருக்கும் டிரான்சிட் ஹோட்டல்கள் ஆறு மணி நேரக் கணக்கில் அறை தருகின்றன, இமிக்ரேஷனைக் கடக்க வேண்டியதில்லை. இடைவெளி ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இருந்தால், இலவச ஊர் சுற்றலுக்குப் பதியலாம். இரண்டரை மணி நேரப் பேருந்துப் பயணம். ஆனால் அதற்கும் நாட்டுக்குள் நுழையும் தகுதி வேண்டும். மறுபடியும் அதே இமிக்ரேஷன் கோடு.

சுற்றுலா முடித்துத் திரும்புகிறவர்கள் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் ஜிஎஸ்டி ரீஃபண்டில்தான் கோட்டை விடுகிறார்கள். வரி இப்போது 9 சதவீதம். ஒரே கடையில் ஒரே நாளில் மூன்று ரசீது வரை சேர்த்து 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருந்தால் கேட்கலாம், வாங்கி இரண்டு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். கடையில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டுவது முக்கியம், நகல் செல்லாது. நிலையத்தில் நடப்பது இதுதான்: ரீஃபண்ட் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால் வாங்கியவை திரையில் வரும், ஒப்புக்கொண்டு பணம் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். சிலருக்கு மட்டும் 'சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டுங்கள்' என்று வரும். அதற்குள் லேப்டாப்பைப் பெட்டியில் வைத்து பெல்ட்டில் அனுப்பியிருந்தால் ரீஃபண்ட் போச்சு. பெட்டியில் போகும் பொருள் என்றால் செக்-இனுக்கு முன், செக்-இன் கூடத்து இயந்திரத்தில். கையோடு போகும் நகை என்றால் இமிக்ரேஷன் தாண்டி, டிரான்சிட் பகுதி இயந்திரத்தில். இந்த வரிசை மாறக் கூடாது. கட்டணம் கழித்துத்தான் தருவார்கள், முழு 9 சதவீதத்தை எதிர்பார்க்க வேண்டாம். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது கிடையாது.

வரும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். குருமாவுக்கு என்று மடித்து வைத்த கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். வாயில் மெல்லும் புகையிலையும் அப்படியே. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அளவு என்று ஒன்றே இல்லை, ஒரு பாக்கெட்டுக்கும் அறிவித்து வரி கட்ட வேண்டும். வேப் என்ற மின்சிகரெட் கருவியை டிரான்சிட்டில் போகிறவர்கூட வைத்திருக்க முடியாது.

ஊருக்குள் போக எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் நிலையம் டெர்மினல் 2-க்கும் 3-க்கும் கீழே இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு எளிய வழி எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி டவுன்டவுன் லைனுக்கு மாறுவது, அதன் பிறகு மாற்றமே கிடையாது. காண்டாக்ட்லெஸ் வங்கி கார்டைத் தட்டினாலே கதவு திறக்கும். ரயில் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். டாக்சியில் மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 6 வெள்ளி, மாலை 5 முதல் நள்ளிரவு வரை 8 வெள்ளி. நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக ஏறும். ஐந்தரை மணிக்குப் பெட்டியோடு வெளியே வருகிறவர் ஒரு காப்பி குடித்துவிட்டு ஆறு மணிக்கு வரிசையில் நின்றால், காப்பிக் காசு போக மிச்சமும் இருக்கும்.