அகதி வழக்கு: அமெரிக்காவின் நீதிபதியா, கனடாவின் உறுப்பினரா?

பெயர் நீதிபதி என்றாலும், அமெரிக்கக் குடிவரவு நீதிபதி, நீதித்துறை அமைச்சரான அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை பார்ப்பவர். மேல்முறையீட்டு வாரியம் முடித்த வழக்கையும் அட்டர்னி ஜெனரல் தானே எடுத்து மாற்றி எழுதலாம். அந்த அமைப்பின் மிகப் பெரிய குறை இதுதான். கனடாவின் குடிவரவு, அகதிகள் வாரியத்தில் (1989) தீர்ப்பளிப்பவர் வெறும் 'உறுப்பினர்'. ஆனால் அவர் முடிவை அமைச்சர் தன் விருப்பப்படி திருத்த முடியாது, மேல்முறையீட்டுக்குத்தான் போக வேண்டும்.

விசாரணை முறையும் வேறு. அமெரிக்காவில் எதிரே அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். அகதிக்கு அரசுச் செலவில் வக்கீல் கிடையாது. கனடாவில் பெரும்பாலும் எதிர்த்தரப்பே இருக்காது, உறுப்பினரே முதலில் கேள்வி கேட்பார். கனடா உச்ச நீதிமன்றத்தின் 1985 சிங் தீர்ப்புக்குப் பிறகு, நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானால் நேரில் கேட்டாக வேண்டும்.

நாடு திரும்பினால் துன்புறுத்தப்படும் ஆபத்தின் அளவுகோலில் இரண்டும் நெருக்கம்: அமெரிக்காவில் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே போதலாம் (உச்ச நீதிமன்றத்தின் 1987 கார்டோசா-ஃபொன்சேகா தீர்ப்பு), கனடாவில் 'வெறும் சாத்தியத்துக்கு மேல்'.

வழக்கு உடைவது பெரும்பாலும் முரண்பாட்டில். 2005 ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தைத் தொடாத தேதிப் பிசகைக்கூட அமெரிக்க நீதிபதி எடைபோடலாம். நெருக்கடிக்குத் தப்பி வந்தவரிடம் இது கொடுமையான கண்டிப்பு. கனடாவில் ஆரம்பப் படிவத்தில் விட்டுப்போனதை விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே, திருத்தத்தை அடிக்கோடிட்டு, கையெழுத்திட்டுத் தர வேண்டும். விசாரணை அறையில் முதன்முதலாகச் சொல்லும் சம்பவத்தை, பின்னால் சேர்த்ததாகவே சந்தேகிப்பார்கள்.