எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட நிமோனியா ஊசி

மகள் 2016இல் பிறந்தபோது இந்த ஊசியைத் தனியார் கிளினிக்கில்தான் போட்டோம். ஒரு தவணைக்கே 3,000 ரூபாய்க்கு மேல். இரண்டாவது தவணைக்குச் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டியிருந்தது. மகனுக்கு மூன்று தவணையும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போட்டாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு அட்டவணையில் இருக்கிறது: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம்.

45ஆம் நாள் ஊசிக்குப் புதன்கிழமை காலையில் போனோம். நர்ஸ் அக்கா குப்பியைக் கையில் எடுத்ததும் லேபிளில் இருந்த சிறு வட்டத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் சுற்றியுள்ள நிறத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தமாம். நான் கேட்கவே இல்லை, அவராகவே காட்டினார். இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசி, வலது தொடையில் நிமோனியா ஊசி. "தேய்க்காதீங்கம்மா, அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்க" என்றார்.

"அரசு ஊசி பத்து வகைக்குத்தான், வெளியே பதிமூன்று" என்று நாத்தனார் பயமுறுத்தினார். சரி என்று உட்கார்ந்து படித்தேன். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியில் 100 வகைக்கு மேல் உண்டு. அமெரிக்காவில் 2000இல் ஏழு வகைக்கான ஊசி வந்ததும் குழந்தைகளுக்கு நோய் வெகுவாகக் குறைந்தது. ஊசி போடாத பெரியவர்களுக்கும் குறைந்தது. ஏனென்றால் இந்தக் கிருமியைப் பெரும்பாலும் மூக்கில் சுமந்து பரப்புவது குழந்தைகள்தான். ஆனால் அந்த ஏழு வகை அடங்கியதும், காலியான இடத்துக்கு 19ஏ என்ற வகை வந்துவிட்டது, அதில் பல ஆன்டிபயாடிக்குக்கு மசியாதவை. அதையும் சேர்த்து 2010இல் பதிமூன்று வகை ஊசி வந்தது. மகனுக்குப் போட்டது புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் நிமோசில். பத்து வகைதான், ஆனால் 19ஏ அதிலும் இருக்கிறது. 3ஆம் வகை இல்லை. பதிமூன்று வகை ஊசியில் அது இருந்தும், மற்ற வகைகளைப் போல அடங்கவில்லை. அதனால் எனக்கு மனக்குறை இல்லை.

குறை வேறு. காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி ஓடவில்லை. கைக்குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் வியர்த்துக்கொண்டே இருந்தோம். ஒரே நாளில் இத்தனை ஊசி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் மனதைத் தயார்ப்படுத்தியிருப்பேன்.

அப்புறம் மாமனார். 71 வயது, பழைய நுரையீரல் நோயாளி. இலவச ஊசி குழந்தைகளுக்கு மட்டும்தான். தனியார் கிளினிக்கில் இரண்டு முறை ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பி, மூன்றாவது முறை காசு கட்டிப் போட்டோம். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகு முதியவர்களிடம் 8, 12எஃப் போன்ற வேறு வகைகள் கூடின. பேரன் போட்டுக்கொண்டான், தாத்தாவுக்கு இனி பயமில்லை என்று விட முடியாது. முதியவர்களுக்கும் இதே புதன்கிழமை வரிசையில் போட வேண்டும்.

போகிறவர்கள் தாய் சேய் அட்டையை மறக்காதீர்கள். ஒன்பதாம் மாத ஊசியை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டிருந்தார்கள். போன புதன்கிழமை இருவரையும் என்னோடு கூட்டிப் போனேன்.