சித்தி வீட்டு பாத்ரூமில் குப்பைத்தொட்டி இல்லை

கும்பகோணத்தில் சித்தி வீடு. தங்கை வளைகாப்புக்குப் போயிருந்தேன். நாலு நாள் கழித்து வரவேண்டியது முதல் நாள் ராத்திரியே வந்துவிட்டது. பையில் பேட் இருந்தது, அதனால் அதற்குக் கவலையில்லை. மாற்றியும் ஆயிற்று. மாற்றியதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பாத்ரூமைச் சுற்றிப் பார்க்கிறேன். ஒரு பக்கெட், ஒரு மக், ஜன்னல் விளிம்பில் வாய் கிழிந்த ஷாம்பூ பாக்கெட் இரண்டு, தேய்ந்துபோன துணி சோப்பு. குப்பைத்தொட்டி இல்லை. வெளியே ஹாலில் பதினோரு பேர் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் சித்தப்பாவின் கால்மாட்டில்தான் இறங்க வேண்டும்.

இந்த நிலைமையில் நிற்காத பெண் நம் ஊரில் குறைவு. அடுத்த வீட்டில் தங்கும்போது இதை என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, சிலதில் மாட்டிக்கொண்டும்தான் தெரிந்துகொண்டேன். அந்த வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் கண்ணில் படுமா, நாற்றம் வருமா என்ற இரண்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த வீட்டை விட்டு வெளியே போனபிறகு அதை யார் கையால் பிரிப்பார்கள் என்பதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஃப்ளஷ்: பத்து விநாடி ரகசியம்

இதை முதலிலேயே கழித்துவிடலாம். லிவரை அழுத்தியதும் கண்ணை விட்டு மறைவதால் இதுதான் பாதுகாப்பான வழி என்று தோன்றும். ஆனால் பேட் என்பது தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைப்பதற்கென்றே செய்த பொருள். இப்போது வருகிற மெல்லிய பேட்களுக்குள்ளே ஜெல்லாக மாறுகிற ஒரு பொடி இருக்கிறது. ஃப்ளஷ் தண்ணீர் பட்டதும் அது இன்னும் ஊதிக்கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பசை. குழாயின் வளைவில் போய் உட்கார்ந்தால் பிறகு நகராது. டாம்பானும் ஈரத் துடைப்பான்களும் இதே கதைதான். ரயிலில் பயோ டாய்லெட் வந்தபிறகு அங்கேயும் போடக்கூடாது. வாஷ்பேசின் பக்கத்திலிருக்கும் தொட்டிதான் அதற்கு.

நான் குடியிருந்த ஒரு ஃபிளாட்டில் கீழ்வீட்டு டாய்லெட் எதிர்த்து வந்தது. பிளம்பர் கம்பியை விட்டுக் குடைந்து, மூன்று பேட்களை வெளியே இழுத்து, வாசலில் சிமென்ட் தரையில் வரிசையாக வைத்தார். மாடி மாடியாக எல்லோரும் இறங்கி வந்து பார்த்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பெண்கள் என்று அங்கேயே கணக்கும் போட்டார்கள். ரகசியமாகப் போட்டது கடைசியில் இப்படித்தான் வெளிவரும். பிளம்பர் கம்பியால் முடியாதபோது செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ மனிதரை இறக்கிவிடுகிறார்கள். அதைத் தடுக்க 2013-ல் சட்டமே வந்தாயிற்று, இறங்குகிறவர்களும் சாகிறவர்களும் நின்றபாடில்லை. நம் பேட் அந்த அடைப்புக்குள் இருக்க வேண்டாம்.

அவர்கள் தொட்டியா, நம் கைப்பையா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

அவர்கள் வீட்டுத் தொட்டியில் போட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும், சுமந்து திரிய வேண்டாம். ஆனால் சுற்றுவதற்குத் தாள் வேண்டுமே. நாளிதழ் ஹாலில் மாமாவின் மடியில் இருக்கும். அதில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போவதற்கு, ஒலிபெருக்கி வைத்து அறிவித்துவிடலாம். அதனால் நாளிதழை நாலாகக் கிழித்து ஏழெட்டுத் துண்டு என் பையிலேயே வைத்திருப்பேன். முதல் சுற்றுக்குப் புது பேட்டின் உறையே போதும். பழையதை உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டி அந்த உறைக்குள் வைத்து, அதிலிருக்கும் சின்ன டேப்பை ஒட்டிவிட வேண்டும். அதன் மேல் தாள். உறையைப் பிரிக்கும்போது வருகிற சர்ரென்ற சத்தம் பயமென்றால், பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பிரியுங்கள்.

பேட்டைக் கழுவிவிட்டுத்தான் போடவேண்டும் என்று பல வீடுகளில் பழக்கம் உண்டு. கழுவாமல் போட்டதைப் பாம்பு தாண்டினால் தோஷம் என்பாள் என் பாட்டி. துணி கட்டிய காலத்தில் கழுவியதற்கு அர்த்தம் இருந்தது, மறுபடி கட்டவேண்டுமே. இன்றைய பேட்டைப் பிழிந்தால் ஜெல் பிதுங்கி வெளியே வரும், ஜல்லடையை அடைக்கும், தரையெல்லாம் வழுவழு. அடுத்தவர் பாத்ரூமில் அந்தக் கண்ணாடி மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒருமுறை போதும் அது.

அடுத்த கேள்வி, எந்தத் தொட்டி? சமையலறைத் தொட்டி கூடாது. அது ஈரக் கழிவு. பிரித்து வாங்குகிற ஊர்களில் உரக்கிடங்குக்குப் போகிற சரக்கு. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கினையும் டயப்பரையும் நன்றாகச் சுற்றி, மக்காத குப்பைத் தொட்டியில் போடச் சொல்லின. பெங்களூரில் இதற்குத் தனியாக ஒரு தொட்டி வைத்துப் பழகினார்கள். புனேயில் குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவான ‘ஸ்வச்’ வேறொன்று கேட்டது: காகிதத்தில் சுற்றுங்கள், மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.

அந்தச் சிவப்புப் புள்ளி விஷயம் தெரிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாம் தாளில் சுற்றுவதே உள்ளே இருப்பது யாருக்கும் தெரியக்கூடாதென்றுதான். தரம் பிரிக்கிற பெண்ணுக்கோ உள்ளே இருப்பது தெரிந்தாக வேண்டும். தெரியாததால்தான் ஒவ்வொரு பொட்டலத்தையும், பழைய இரும்போ பாட்டிலோ இருக்குமா என்று, கையால் பிரித்துப் பார்க்கிறாள். மெடிக்கல் ஷாப்பில் பேட்டோடு தருகிற கறுப்புக் கவரில் போட்டு நாலு முடிச்சு போட்டால் இன்னும் மோசம், அதைக் கிழித்தே ஆகவேண்டும். (2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கடையில் தருகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பேட் வாங்கும்போது மட்டும் அந்தக் கறுப்புக் கவர் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.) வீட்டுக்காரருக்குத் தெரியாமலும் தூய்மைப் பணியாளருக்குத் தெரியும்படியும் ஒரே பொட்டலத்தைக் கட்ட முடியுமா என்று கேட்டால், முடியும். பையில் சிவப்புப் பேனா இல்லாவிட்டாலும் ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். பொட்டலத்தின் மேல் ஒன்று ஒட்டினால் போதும். அர்த்தம் தெரியாதவர்களுக்கு அது வெறும் பொட்டு.

நாய் இருக்கிற வீடு, தெருநாய் உள்ளே வருகிற திறந்த வாசல், மூடியில்லாத தொட்டி என்றால் இந்த வழி வேண்டாம். காலையில் முற்றத்தில் என்ன கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி கைப்பை. நாலைந்து மணிநேர விருந்து, கிரகப்பிரவேசம், துக்க வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரே ஒரு பேட். சுருட்டி, தாளில் சுற்றி, ஜிப் கவரில் போட்டால் வீடு வரும்வரை வாடை வராது. வாடை என்பது வெப்பமும் நேரமும் சேர்ந்து உண்டாக்குவது. அதனால்தான் இரண்டு ராத்திரித் தங்கலுக்கு இதே வழி உதவுவதில்லை. ஆறு மணிநேரத்துக்கொன்று மாற்றினாலே இரண்டு நாளில் எட்டு. சித்திரை வெயிலில், பட்டுப்புடவை மடித்து வைத்த அதே பையில், எட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

கவர் விஷயத்தில் ஒரு அனுபவம். சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிநிற உள்பக்கம் வாடையை வெளியே விடாது, பார்ப்பவர்களுக்கும் சந்தேகம் வராது என்று காலி பாக்கெட் ஒன்றைக் கழுவி வைத்திருந்தேன். அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது அவன் பையன் என் கைப்பையைக் குடைந்து அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினான். “அத்தை, எனக்குக் குடுக்காம நீ மட்டும் சாப்பிடுறியா?” எப்படிப் பிடுங்கினேன் என்பது எனக்கே நினைவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மாத்திரைக் கவர்தான் சரி. அதை அவர்கள் தொடமாட்டார்கள்.

எரிப்பதும் புதைப்பதும்

கிராமத்து வீடுகளில் “வெந்நீர் அடுப்புல போட்டுடு” என்பார்கள். ஈரமான பேட் எரியாது, புகையும். பிளாஸ்டிக் புகை கொல்லை முழுக்க நிற்கும். மறுநாள் சாம்பல் அள்ளும்போது பாதி கருகியது வெளியே வரும். புதைத்தால் நாய் தோண்டும். துணியாக இருந்தாலாவது மண்ணில் மக்கியிருக்கும்.

போடவே எதுவும் இல்லாவிட்டால்

உள்ளே வைத்துக்கொள்கிற மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. பன்னிரண்டு மணிநேரம் வரை தாங்கும். காலையில் குளிக்கும்போது ஒருமுறை, ராத்திரி ஒருமுறை காலி செய்து கழுவினால் போதும். பக்கெட்டும் மக்கும் இருக்கிற நம் பாத்ரூம் இதற்குத் தோதானது. கொதிக்க வைப்பதைப் போவதற்கு முன்பே நம் வீட்டில் முடித்துக்கொள்ளலாம், அவர்கள் பாத்திரம் தேவையில்லை. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆலப்புழையில் நகராட்சியே கப் கொடுத்தது. எர்ணாகுளத்துக் கும்பளங்கி 2022-ல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கை பழக இரண்டு மூன்று மாதமாவது ஆகும். முதல் முயற்சியைச் சொந்தக்காரர் கல்யாணத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போனது வெளியே வராமல் திணறும்போது கதவைத் தட்ட நாலு பேர் நிற்பார்கள்.

துணி நாப்கினும் பீரியட் பேண்டியும் குப்பை சேர்க்காதவை, நல்லவைதான். ஆனால் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும், அதற்கு அவர்கள் மொட்டைமாடிக் கொடி வேண்டும். ஈரத்தோடு கவரில் அடைத்துக் கொண்டுவருவதென்றால் ஒரு ராத்திரிக்குத்தான் சரிப்படும்.

கேட்டுவிடுவது

அந்தக் கும்பகோணம் ராத்திரியில் நான் செய்தது இவற்றில் எதுவுமில்லை. சுருட்டியதை நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, தூங்காமல் கிடந்தேன். நாலரைக்குச் சித்தி வாசல் தெளிக்க எழுந்தாள். நானும் எழுந்து பின்னாலேயே போனேன். வாயைத் திறப்பதற்குள் அவளே, “எத்தனாம் நாளு?” என்றாள். மோட்டார் ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, மடித்த காகிதக் கட்டு ஒன்றை உருவினாள். அதே இடத்தில் கவரும் இருந்தது. “சித்தப்பாவுக்கு இது இருக்கறதே தெரியாதுடி.”

அந்த வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மாதாமாதம் வருகிறது என்பது ராத்திரி முழுக்க எனக்குத் தோன்றவேயில்லை. எல்லா வீட்டிலும் ஓர் ஏற்பாடு இருக்கும், பரணிலோ வாஷிங் மெஷின் இடுக்கிலோ. கேட்டால் அரை நிமிஷத்தில் தெரியும்.

ஆனால் யாரைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். தீட்டுப் பார்க்கிற வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் காகிதம் வராது, தனிப் பாயும் தனித் தட்டும்தான் வரும். வளையல் போடப் போன இடத்தில் கொல்லைத் திண்ணையில் உட்காரவேண்டியதுதான். அப்படிப்பட்ட வீட்டில் வாயை மூடிக்கொள்வதை நான் கோழைத்தனமென்று சொல்லமாட்டேன். பெரியவர்களை விட்டுவிட்டு, காலேஜ் படிக்கிற பெண் இருந்தால் அவளைக் கேளுங்கள். “பேப்பர் எங்கடி வெப்பீங்க?” என்ற மூன்று வார்த்தை போதும்.

என் தீர்ப்பு: சில மணிநேரம் என்றால் கைப்பை. ராத்திரி தங்கினால் கேட்டுவிட்டு அவர்கள் இதற்கு வைத்திருக்கிற தொட்டி. கேட்க முடியாத வீடென்றால் கிளம்புகிற காலையில் மொத்தத்தையும் ஒரே கவராக எடுத்து வந்து நம் வீட்டுத் தொட்டியில். ஃப்ளஷ் எந்த வீட்டிலும் கூடாது.

இப்போது ஊருக்குக் கிளம்பினால் என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் நாலாகக் கிழித்த நாளிதழ், மாத்திரைக் கவர் இரண்டு, அப்புறம் ஒரு அட்டை சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. பெரிய சைஸ். நெற்றியில் நான் அதை வைத்துக்கொள்வதேயில்லை.