வெள்ளைச் சுறா வந்தால்: 'சீ ஆஃப் தீவ்ஸ்' எப்படி?

ஓகேனக்கல் பரிசலைத் தவிர வேறு கலம் ஏறியிராத தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு 'சீ ஆஃப் தீவ்ஸ்' என்ற இந்தக் கடற்கொள்ளையர் வீடியோ கேம் நிஜக் கடலையே காட்டிவிடும். ரேர் நிறுவனம் உருவாக்கியது, 2018-இல் வெளிவந்தது. எக்ஸ்பாக்ஸ், கணினி, பிளேஸ்டேஷன் 5 மூன்றிலும் ஓடும்.

ஆட்டத்தின் உயிர் மெகலடான் என்னும் ராட்சதச் சுறாதான். அதிலும் வெண்ணிற 'ஷ்ரவுடட் கோஸ்ட்' அரிதிலும் அரிது. வருடக்கணக்கில் ஆடியும் பார்க்காதவர்கள் உண்டு. இசை மாறி முதுகுத் துடுப்பு தெரிந்ததும் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் புதையலை மறந்துவிடுங்கள். ஸ்லூப் என்ற சிறிய கப்பலில் இருவர் இருந்தால் ஒருவர் பீரங்கிக்கு, மற்றவர் சுக்கானுக்கு. சுறா கடித்தால் கீழ்த்தளத்தில் ஓட்டை விழும். முதலில் பலகை அடித்து அடையுங்கள், பிறகு வாளியால் இறையுங்கள். வரிசை மாறினால் இறைக்க இறைக்க நீர் ஏறிக்கொண்டே இருக்கும். தூரத்தில் திரியும்போது சுடாதீர்கள். கிட்ட வரும்போது குண்டு தீர்ந்திருந்தால் வாய்ப்பே போயிற்று. செத்ததும் மிதக்கும் இறைச்சியை அள்ளி 2 நிமிடம் வாட்டுங்கள், அதற்கு மேல் விட்டால் கருகும்.

பெரிய குறை, இணையம் எந்நேரமும் வேண்டும். கரண்ட் போனால் வேட்டையும் போச்சு. மோடத்தையும் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு உட்காருங்கள்.