கோர்க் வொல்கா சாம்பிள் 2: உயர்தரம் படிக்கும் பொடியனுக்குச் சரிவருமா?

பதிந்த சத்தங்களை வைத்துத் தாளம் கட்டும் சின்னப் பெட்டி இது. ஒரு பேட்டர்னில், அதாவது சுற்றிச் சுற்றி ஓடும் தாளக்கட்டில், பத்துச் சத்தம் (ஒரே நேரத்தில் ஒலிப்பது எட்டு), அவற்றை வைக்கப் பதினாறு ஸ்டெப், பேட்டர்ன் சேமிக்கப் பதினாறு இடம். இந்தப் பெட்டியின் எல்லை அவ்வளவுதான். லாப்டொப்பில் கணக்கில்லாத ட்ராக்குகளோடு தொடங்கும் பிள்ளைகள் பலர் எட்டு பார் லூப்பைத் தாண்டுவதேயில்லை. அவர்களுக்கு இந்தப் போதாமை நல்லது. டெக்னோ இசையின் முன்னோடி, டெட்ராயிட்டின் ஹுவான் அட்கின்ஸ் 1962இல் பிறந்தவர். 1981இல் அவருடைய சைபோட்ரோன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தபோது அவர் இன்னும் இருபதைத் தொடவில்லை. ஆரம்பத்தில் அவர் கையில் இருந்ததும் ஒரு கோர்க்தான், எம்எஸ்-10. ரோலண்டின் டிபி-303 பேஸ் பெட்டி விலைபோகாமல் 1984இல் நிறுத்தப்பட்டதால்தான் பழைய சாமான் விலையில் சிக்காகோ இளசுகளிடம் போய்ச் சேர்ந்தது. இசை போடும் பொடியனின் வயதைப் போஸ்டரில் பெரிதாக அடிக்கிறவர்கள், அவன் எத்தனை ட்ராக் முடித்தான் என்று கேட்பதில்லை.

மட்டக்களப்பில் இதை வாங்குகிறவர் உள்ளே வரும் சத்தங்களோடு நின்றுவிட்டால் பணம் வீண். நினைவகம் 8 எம்பி, மொத்தம் சுமார் 130 வினாடி. முதலில் கம்பனிச் சத்தங்களை அழித்து இடம் எடுக்க வேண்டும். பெட்டி தானாகப் பதிவு செய்யாது. போனில் பதிந்து, கணினியில் வெட்டி, யூஎஸ்பி வழியே ஏற்ற வேண்டும். கூத்து மத்தளத்தின் தொப்பிப் பக்கம் ஒரு அடி அரை வினாடி போதும். சல்லாரி என்ற கைத்தாளத்தைக் கிட்ட வைத்துப் பதிந்தால் போன் மைக் வெடித்துப்போகும், நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். இடம் போதாவிட்டால் சத்தத்தை இரட்டை வேகத்தில் ஏற்றி, ஸ்பீட் குமிழால் பாதியாக இறக்கலாம். பதிவு விகிதம் 31.25 கிலோஹெர்ட்ஸ் என்பதால் வழமையாகவே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இராது. இந்த வித்தையில் அதுவும் பாதியாகும். மத்தளத்துக்குப் பரவாயில்லை, சல்லாரி செத்துவிடும்.

எந்த ஸ்டெப் ஓட வேண்டும் என்று தெரியும் ஆக்டிவ் ஸ்டெப் வசதியில் கடைசி இரண்டு ஸ்டெப்பை அணைத்தால் 14 கிடைக்கும். மிஸ்ர சாப்பு போல ஏழில் ஓடும் தாளத்துக்கு அது பொருத்தம். ஆனால் இந்த வெட்டு எல்லாச் சத்தத்துக்கும் சேர்த்தே விழும். நாலு ஸ்டெப்புக்கு ஒன்றாக 1, 5, 9, 13இல் வைத்த கிக் (பேஸ் ட்ரம் அடி), 13க்குப் பிறகு இரண்டே ஸ்டெப்பில் மறுபடி 1இல் விழுந்து தடுக்கும். ஒரு பெட்டிக்குள் இதற்கு வழியில்லை. கிக்கை இன்னொரு வொல்காவில் 16 ஸ்டெப்பில் ஓடவிட்டு, 3.5 மில்லிமீற்றர் வயரால் சிங்க் செய்து வேகத்தை ஒன்றாக்கினால் கிக் நேராக ஓட, மத்தளம் அதன்மேல் நழுவி நழுவி, கிக் பேட்டர்னின் ஏழு சுற்றுக்கு ஒருமுறை இரண்டின் தொடக்கமும் ஒன்றுசேரும். 130 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 130 அடி) இதைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெட்டியின் ருசியே அதுதான்.

குறைகள். ஸ்டெப் பட்டன்கள் தொடுபட்டை. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் ஒரே அளவுதான். அடிக்கு அடி ஏற்ற இறக்கம் வேண்டுமானால் லெவல் குமிழைத் திருப்பி, அந்த அசைவை மோஷனாகப் பதிய வேண்டும்.

அடாப்டர் பெட்டியோடு வராது. 9 வோல்ட், நடு முனை நேர். கிட்டார் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை எதிர், செருகிப் பார்க்கவும் வேண்டாம். கரண்ட் போனாலும் ஆறு ஏஏ பற்றரியில் ஓடும். அல்கலைன் என்றால் சுமார் பத்து மணித்தியாலம். சார்ஜ் செய்யும் பற்றரி போட்டால் அமைப்பில் வகையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பற்றரி அளவைப் பிழையாகக் காட்டும்.

கலியாண வீட்டு சவுண்ட் சேர்விஸ் மிக்ஸரில் செருகும்போதுதான் பலர் மாட்டுவார்கள். வெளியீடு ஹெட்போன் ஓட்டை ஒன்றே, அது ஸ்டீரியோ. அதை ஸ்டீரியோ ஜாக் வயரால் ஒரே பலன்ஸ்ட் சனலில் செருகினால் மிக்ஸர் இடது வலதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிடும். நடுவில் இருக்கும் கிக் அடியோடு காணாமல் போய், ஓரத்துச் சத்தங்கள் மட்டும் கீச்சிடும். ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு முனை 3.5 மில்லிமீற்றரும் மறுமுனை இரண்டு மோனோ ஜாக்குமாகப் பிரியும் வயர் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள்.

கல்லடிப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடென்றால் இன்னொன்று: உப்புக்காற்றில் குமிழ்கள் கரகரக்கத் தொடங்கும். பாவிக்காதபோது மூடி வைக்கும் டப்பாவில், சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள், பற்றரியையும் கழற்றிவிடுங்கள்.