ஃப்ரீபிபிஎக்ஸ் 17: வன்னியில் சிறு கந்தோர் ஒன்றுக்குச் சரிவருமா?

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் ஐந்தாறு மேசை உள்ள கந்தோருக்கு இணையத் தொலைபேசி வைப்பதென்றால் ஃப்ரீபிபிஎக்ஸ் 17 தாராளமாகப் போதும். கணினி ஒன்றைக் கந்தோரின் தொலைபேசி இணைப்பகமாக்கும் மென்பொருள் இது. இலவசம், டெபியன் 12 இயங்குதளத்தில் ஓடும். நிறுவுவதில் சிக்கல் இல்லை. கோல் வராமல் போவது பெரும்பாலும் ட்ரங்க் (சேவை நிறுவனத்துடனான இணைப்பு) அமைப்பில் விடும் பிழையால்; பில் எகிறுவது கடவுச்சொல்லிலும் டயல் அமைப்பிலும் விடும் பிழையால்.

ட்ரங்க் அமைப்பில் 'ஓதென்டிகேஷன்' (கடவுச்சொல் சரிபார்ப்பு) என்பதில் நான்கு தெரிவுகள்: அவுட்பவுண்ட் (வெளியே போவதற்கு), இன்பவுண்ட் (உள்ளே வருவதற்கு), போத் (இரண்டுக்கும்), நன் (எதற்கும் இல்லை). கூடுதல் பாதுகாப்பு என்று பலர் 'போத்' போடுகிறார்கள். போட்டால், சேவை நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு கோலுக்கும் உங்கள் சேர்வர் '401' என்ற மறுப்பைத் திருப்பி அனுப்பிக் கடவுச்சொல் கேட்கும். நிறுவனங்கள் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை. வெளியே கோல் போகும், உள்ளே ஒன்றும் வராது. 'அவுட்பவுண்ட்' மட்டும் போடுங்கள். உள்வரும் கோலை ஐபி முகவரியை வைத்துச் சேர்வர் அடையாளம் காணும்.

நிறுவனம் வேறு முகவரிகளிலிருந்தும் அனுப்பினால் லொக்கில் (சேர்வரின் பதிவேட்டில்) 'நோ மேச்சிங் எண்ட்பொயின்ற் ஃபவுண்ட்', அதாவது பொருந்தும் இணைப்பு இல்லை, என்று விழும். அந்த முகவரிகளை 'மேட்ச் (பெர்மிட்)' கட்டத்தில் சேர்க்க வேண்டும். இவ்வளவு முக்கியமான கட்டத்தை அட்வான்ஸ்ட் பக்கத்துக்குள் ஒளித்து வைத்திருப்பது பெரிய குறை. அது கண்ணில் படாமல், அனொனிமஸ் (யாரென்று தெரியாத) கோல்களைத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஊர்பேர் தெரியாதவனெல்லாம் உள்ளே வருவான்.

நிறுவனத்தில் ரெஜிஸ்டர் (பதிவு) ஆகிறது, ஆனால் வெளியே எடுத்தால் 403 (அனுமதி மறுப்பு) வருகிறதா? 'ஃப்ரம் யூசர்', 'ஃப்ரம் டொமைன்' இரண்டையும் நிறுவனம் தந்தபடியே நிரப்புங்கள்.

4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் இடங்களில் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே ஐபி முகவரியை மட்டும் பார்க்கும் ட்ரங்க் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷன் உள்ளதை வாங்குங்கள். சேர்வரை மீளத் தொடக்கியதும் கோல் வந்து, சற்று நேரத்தில் நின்றுபோனால், ரவுட்டர் பாதையை மூடிவிடுகிறது என்று அர்த்தம். நிறுவனத்தின் இணைப்பைச் சேர்வர் எத்தனை வினாடிக்கொருமுறை சோதிக்கும் என்ற 'குவாலிஃபை ஃப்ரீக்குவன்சி'யை 60 இலிருந்து 30 வினாடிக்குக் குறையுங்கள். ரவுட்டரில் கோல் தகவலைத் தானாக மாற்றும் சிப் ஏஎல்ஜியை நிறுத்துங்கள். கோல் தகவல் வரும் 5060 போர்ட்டை வெளியே திறக்கத் தேவையில்லை.

எக்ஸ்டென்ஷனுக்கு (ஒவ்வொரு மேசைத் தொலைபேசி இணைப்புக்கும்) மென்பொருளே நீண்ட கடவுச்சொல் உருவாக்கித் தரும். ஞாபகம் வைக்கச் சுலபம் என்று 1234 ஆக மாற்றினால் இரவோடிரவாக வெளிநாட்டுக் கோல் ஓடும், பில் உங்கள் தலையில். எந்த எண்களுக்கு எடுக்கலாம் என்று சொல்லும் டயல் பற்றேணில் பூச்சியம், பிறகு 1 முதல் 9 வரை ஓர் இலக்கம், அதன்பின் எட்டு இலக்கம் என்று மட்டும் கொடுங்கள். 021, 024, 077 எல்லாம் போகும், 00 போகாது. கனடாவுக்கோ லண்டனுக்கோ எடுக்க வேண்டுமென்றால் 001, 0044 க்குத் தனி ரூட் (வெளியே போகும் வழி) போட்டு, அதற்கு ரூட் பாஸ்வேர்ட் வையுங்கள்.